வாசகம் முடிந்த பிறகு
(வானொலி மறையுரை)



புனித வனத்து அந்தோனியாரை நமக்குத் தெரியும். ஜனவரி 17 அவருடைய திருவிழா. ஆனால் அவர் எப்படித் துறவியானார் என்பதை நம்மில் பலர் வாசித்திருக்க மாட்டோம்.

எகிப்தில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. பெற்றோர் இறந்துவிட்டார்கள். கூட ஒரு தங்கை. ஒருநாள் கோவிலுக்குள் நுழைகிறார். மத்தேயு 19ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று செல்வரான இளைஞரிடம் ஆண்டவர் சொன்ன பகுதி. தமக்காகவே அது வாசிக்கப்பட்டதாக அந்தோனியார் எடுத்துக்கொண்டார். நேரே போய் நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்றதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்தார். பிறகு இன்னொரு நாள், நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்ற வாசகம் காதில் விழுந்தது. எடுத்து வைத்ததும் போயிற்று! தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் துறவுக்குப் புறப்பட்டார்.

இவர் பள்ளிப் படிப்பை நாடாதவர் என்று வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியுஸ் சொல்கிறார். கண் மங்கிவிட்டது, படிக்க வராது என்று சொல்லும் பாட்டிமார் இதைக் கவனிக்க வேண்டும். காதால் கேட்பதும் வாசிப்புதான்.

அந்த வரலாற்று நூல் பிறகு ஊர் ஊராகப் பயணம் செய்தது. திரியர் நகரில் அரசு அலுவலர் இருவர் ஒரு குடிசையில் அதை எடுத்துப் புரட்டினார்கள், பதவியைத் துறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுக் கலங்கியவர்தான் மிலான் நகரில் இருந்த அகுஸ்தினார். ஆண்டு 386. அவர் மனம் திரும்பியது அதே நாளில்.

நம் காலத்துக்கு வருவோம். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா, உமக்கே புகழ்’ என்ற திருமடலை எழுதினார். மொத்தம் 246 பத்திகள். பெரிய இறையியல் நூல் என்று பயந்து பலர் திறப்பதே இல்லை. 211ஆம் பத்தியைத் திறந்து பாருங்கள். நம் வீட்டு அடுப்படி அதில் இருக்கிறது! நெகிழியைக் குறையுங்கள், தண்ணீரை அளவாகச் செலவிடுங்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள், சாப்பிடும் அளவுக்கு மட்டும் சமையுங்கள், மரம் நடுங்கள், தேவையில்லாத விளக்கை அணையுங்கள். 50ஆம் பத்தியில் இன்னும் கடுமை: வீணாக எறியும் உணவு ஏழையிடம் திருடியதற்குச் சமம் என்கிறார். பூமியைக் காப்பதும் தர்மம் செய்வதும் அவருக்கு இரண்டு வேலை அல்ல.

நம்முடைய அசனத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது எவ்வளவு நல்ல வழக்கம்! ஆனால் மறுநாள் காலை கோவில் வளாகத்தில் நெகிழித் தம்ளர்களும், சோற்றைச் சுற்றி நாய்களும். திருவிழா முடிந்தும் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனர்கள் வேறு. வனத்து அந்தோனியார் பெயராலேயே இது நடக்கிறது என்பதுதான் வருத்தம்.

அதனால் அன்பியக் கூட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். செபமாலை முடிந்ததும் இந்த 211ஆம் பத்தியை ஒரு சிறுவனோ சிறுமியோ உரக்க வாசிக்கட்டும். வாசித்ததும் கலைந்துவிடாதீர்கள். இந்த ஆண்டு அசனத்துக்கு எத்தனை படி அரிசி, வாழை இலையா நெகிழித் தட்டா, மிஞ்சிய சோறு அன்றிரவே எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும், பேனருக்கு ஒதுக்கிய பணம் யாருடைய மருந்துச் செலவுக்கு என்று அங்கேயே பேசி, அன்பியக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு எழுந்திருங்கள்.