இரு வழிக்கும் ஒரு வண்டி

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. எதிலும் நிலையாக ஊன்றாமல் தடுமாறுகிறவனைக் குறித்த பழமொழி அது. ஆனால், ஒரு காலைத் தார்ச்சாலையிலும் மறு காலைச் சேற்றிலும் ஊன்றிக்கொண்டே பெயர்பெற்ற மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980 செப்டம்பரில் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியே அது. அது பிறந்து வளர்ந்த வரலாற்றை இன்றைய உரையில் காண்போம்.

முதலில், ஒரே வண்டி இரு வழிக்கும் பொருந்துவது ஏன் கடினம் என்பதைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட வேண்டிய வண்டிக்குப் பெரிய இயந்திரம் வேண்டும். பெரிய எரிபொருள் கலன் வேண்டும். இருவர் அமர இடமும் மூட்டை கட்ட வசதியும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் எடையைக் கூட்டுகின்றன. மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிக்கோ எடை குறைவாக இருக்க வேண்டும். அதன் அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். சக்கரங்கள் மேலும் கீழும் நன்றாக அசைந்து கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு நன்மையானது மற்றொன்றுக்குத் தீமையாகிறது. அதனால்தான் நெடுங்காலம் இவ்விரு வகை வண்டிகளும் தனித்தனியே தயாரிக்கப்பட்டு வந்தன.

இந்த நிறுவனம் 1923இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளிலேயே ஒரு தனி அமைப்பு இருந்தது. இயந்திரத்தின் இரண்டு உருளைகளும் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்றாக, கைகளை விரித்தாற்போல் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டின்மீதும் காற்று நன்றாகப் படுவதால் அவை எளிதில் குளிர்ச்சியடையும். எடையும் தாழ்வாக அமையும். பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலி இல்லை. இரும்பாலான சுழல்தண்டு ஒன்று அந்த வேலையைச் செய்தது. மணலும் சேறும் சங்கிலியை விரைவில் தேய்த்துவிடும். மூடிய குழாய்க்குள் சுழலும் தண்டுக்கு அந்தத் தொல்லை குறைவு.

1970களின் இறுதியில் இந்நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவு பெரும் நெருக்கடியில் இருந்தது. ஜப்பானிய வண்டிகள் விரைவிலும் விலையிலும் முந்திக்கொண்டன. அந்தப் பிரிவையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. 1979இன் தொடக்கத்தில் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்றனர். முற்றிலும் புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்கக் காலம் இல்லை. கையில் இருப்பதைக் கொண்டே சந்தைக்குப் புதிதான ஒன்றைச் செய்தாக வேண்டிய நிலை.

நல்லவேளையாக, அதற்கான விதை நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. லாஸ்லோ பெரெஸ் என்ற சோதனைப் பொறியாளர், பெரிய இரட்டை உருளை இயந்திரத்தை வைத்து, கரடுமுரடான நிலத்தில் ஓடக்கூடிய வண்டி ஒன்றைக் கட்டியிருந்தார். 1978இல் ஜெர்மானியக் கரடுநிலப் பந்தயங்களிலும் அதை ஓட்டிக் காட்டினார். ரூடிகர் குட்ஷே என்ற பொறியாளரும் இதே வழியில் தம் சொந்த வண்டியை மாற்றி அமைத்து வைத்திருந்தார். புதிய வண்டியை உருவாக்கும் பணிக்கு அவரே தலைமை ஏற்றார். 21 மாதங்களில் வண்டி தயாராயிற்று.

ஜி என்பது கரடுநிலத்தையும், எஸ் என்பது சாலையையும் குறிக்கும் ஜெர்மானியச் சொற்களின் முதலெழுத்துகள். இயந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 800 கன சென்டிமீட்டர். ஆற்றல் 50 குதிரைத்திறன். எடை 186 கிலோ. அக்காலத்துக் கரடுநில வண்டிகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரியது. நெடுஞ்சாலை வண்டிகளோடு ஒப்பிட்டால் இலேசானது.

எடையைக் குறைக்க அவர்கள் கையாண்ட உத்திகளுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்தை இருபுறமும் இரண்டு கைகள் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டியில் வலப்புறம் மட்டுமே ஒரு கை உண்டு. சுழல்தண்டு அந்தக் கைக்குள்ளேயே ஓடுகிறது. இடப்புறம் வெறுமையாக இருப்பதால், மோட்டார் காரில் செய்வதுபோல மூன்று திருகாணிகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்துவிடலாம். நடுவழியில் டயர் பழுதானவருக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

இவ்வளவு பெரிய வண்டி மணலில் ஓடுமா என்ற ஐயத்தைச் சகாரா பாலைவனம் தீர்த்து வைத்தது. பாரிசிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகர் வரை நடைபெற்ற நெடும் பந்தயத்தில், பிரெஞ்சு வீரர் ஹியூபர்ட் ஓரியோல் 1981இலும் 1983இலும் வென்றார். பெல்ஜிய வீரர் காஸ்டன் ராகியே 1984இலும் 1985இலும் வென்றார். ராகியே உயரம் குறைந்தவர். பந்தயத்துக்காக மாற்றி அமைக்கப்பட்ட அந்த உயரமான வண்டியை அவர் ஆண்டு வென்றது பலரை வியக்க வைத்தது.

ஆயினும் குறைகள் இல்லாமல் இல்லை. பக்கவாட்டில் நீண்டிருக்கும் உருளைகள் குறுகிய பாதையில் பாறைகளில் மோதக்கூடும். சுழல்தண்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. விசையைக் கூட்டினால் வண்டியின் பின்புறம் மேலெழும், குறைத்தால் தாழும். 1987இல் வந்த ஆர் 100 ஜிஎஸ் வண்டியில், பின்சக்கரக் கையில் இன்னொரு மூட்டும் ஒரு தாங்குகோலும் சேர்த்து இந்த ஆட்டத்தைப் பெரிதும் அடக்கினார்கள்.

அதன்பின் எடை என்ற பழைய பகை மீண்டும் தலைதூக்கியது. வாங்குவோர் மேலும் ஆற்றலையும் வசதியையும் விரும்பினர். 1994இல் வந்த ஆர் 1100 ஜிஎஸ் 80 குதிரைத்திறன் பெற்றது. எடையும் 243 கிலோவாயிற்று. பிறகு 2004இல் வந்த ஆர் 1200 ஜிஎஸ், தனக்கு முந்திய வண்டியைவிட ஏறத்தாழ 30 கிலோ இளைத்து வந்தது. அடுத்து வந்தவை மறுபடியும் பருத்தன. 2023இல் ஆர் 1300 ஜிஎஸ் 145 குதிரைத்திறனோடு வெளிவந்தபோது, 12 கிலோ குறைத்திருக்கிறோம் என்று நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. அப்போதும் அதன் எடை 237 கிலோ. முதல் வண்டியைவிட அது 51 கிலோ அதிகம்.

நேயர்களே, இரு வழிக்கும் ஒரு வண்டி வேண்டுமென்றால் இரு பக்கமும் சிறிது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கணக்கை அன்று அந்தப் பொறியாளர்கள் சரியாகப் போட்டார்கள். மூடப்படவிருந்த ஒரு தொழில் பிழைத்தது. அந்தக் கணக்கு ஒருமுறை போட்டு முடித்துவிடுவதன்று. ஒவ்வொரு புதிய வண்டியிலும் ஒவ்வொரு கிலோவுக்கும் அதை அவர்கள் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.