மயக்கவில்லை, மதிக்கின்றன!

(“சாவில்லாத நாயகர்களின் காதல் நாவல்கள் பெண்ணை மயக்குகின்றனவா? மதிக்கின்றனவா?” என்ற பட்டிமன்றத்தில் ‘மதிக்கின்றனவே’ அணியில் ஆற்றிய உரை)

மாண்பமை நடுவர் அவர்களே! எதிரே அமர்ந்து இதுவரை எங்களை நன்றாகச் சாத்திவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! மன்றத்திலே நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே தோசைத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற அன்பர்களே! 

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? “அமெரிக்காவிலே அச்சடிச்ச புத்தகம். அட்டையிலே சட்டை போடாத ஆம்பளை. உள்ளே கிரேக்க சாமியும் பல்லு நீண்ட பேயும். இதை ஒரு தமிழ்ப் பேராசிரியர் தாங்கிப் பேசலாமா?” என்று கேட்டார். ஐயா, அட்டையிலே சட்டை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அட்டையைத் தாண்டி உள்ளே போனவன். நீங்க அட்டையிலேயே நின்னுட்டீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெரிலின் கென்யன் என்று ஓர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர். 2002-ஆம் ஆண்டு தொடங்கி ‘டார்க் ஹண்டர்’ என்ற வரிசையிலே நாவல்களாக எழுதிக் குவித்தவர். கதை பெரும்பாலும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலே நடக்கும். கதாநாயகன் யார்? பழங்காலத்திலே அநியாயமாகச் செத்தவன். சாகிற நேரத்திலே அவன் ஆத்மா போட்ட கூச்சல் ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கத் தேவியின் காதிலே விழுகிறது. “ஆத்மாவை என்கிட்டே கொடு, பழிவாங்க ஒரு வாய்ப்புத் தர்றேன்” என்கிறாள். கோபத்திலே இருக்கிறவன், கொடுத்துவிடுகிறான். பழியும் வாங்கியாச்சு. அப்புறம்? அப்புறம் சாவு கிடையாது. பகலும் கிடையாது, வெயில் பட்டால் முடிந்தான். மனித ஆத்மாவைத் தின்கிற கூட்டத்தோடு ராத்திரி பூராவும் சண்டை போட வேண்டும். இப்படியே ஆயிரம் வருஷம், இரண்டாயிரம் வருஷம். பென்ஷன் இல்லாத நைட் டியூட்டி! (சிரிப்பு)

இந்தக் கதையிலே பெண்ணுக்கு மதிப்பு இருக்கிறதா, மயக்கம் இருக்கிறதா? எடை போட வேண்டும் என்றால் தராசிலே இரண்டு தட்டு வேண்டும். புதுக் கதையை ஒரு தட்டிலே வைத்தால், அது எந்தப் பழைய கதையிலிருந்து பிறந்ததோ அதை இன்னொரு தட்டிலே வைக்க வேண்டாமா? எதிரணியினர் ஒற்றைத் தட்டோடு வந்துவிட்டார்கள். அடுத்த தட்டை நான் கொண்டுவந்திருக்கிறேன்.

கிரேக்கக் கதையிலே சாமி மனிதப் பெண்ணைக் காதலித்தால் என்ன ஆகும்? ஜீயஸ் செமெலியைக் காதலித்தான். அவனுடைய உண்மை வடிவத்தைப் பார்த்தாள், எரிந்து போனாள். அப்போலோ டாஃப்னியைத் துரத்தினான். தப்பிக்க வழியில்லை, மரமாகிப் போனாள். அதே அப்போலோ கசாண்ட்ராவுக்கு வருங்காலம் சொல்லுகிற வரம் கொடுத்தான். அவள் அவனுக்கு இணங்கவில்லை. “நீ சொல்றது நடக்கும்; ஆனா ஒருத்தனும் நம்பமாட்டான்” என்று சாபம்! நம்ம வீட்டுத் தாய்மார்கள் சொல்வதும் நடக்கிறது, நாம் நம்புகிறதில்லை. அந்தச் சாபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. (சிரிப்பு) இன்னொரு பெண். ஜீயஸ் ஆசைப்பட்டான். அவளைப் பசுவாக்கிவிட்டார்கள். ஒரு மாட்டு ஈ கடித்துக் கடித்துத் துரத்த, தேசம் தேசமாக ஓடினாள். அந்தப் பெண்ணின் பெயரை இங்கிலீஷ்காரர் எப்படி உச்சரிக்கிறார் தெரியுமா? “ஐயோ!” (பலத்த சிரிப்பு) சிரிக்காதீங்க. அந்தப் பழைய கதைகளிலே அகப்பட்ட பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும்.

ஆசைப்பட்டவன் சாமி. எரிந்தவள், மரமானவள், மாடானவள் எல்லாம் பெண். “உனக்குச் சம்மதமாம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டானா?

நான் நேர்மையாகப் பேச வேண்டும். ஒருத்தியைக் கேட்டார்கள். அவள் பெயர் மார்பெஸ்ஸா. அப்போலோவும் அவளை விரும்பினான். இடாஸ் என்ற மனிதனும் விரும்பினான். இரண்டு பேருக்கும் கைகலப்பு. ஜீயஸ் நடுவிலே புகுந்து விலக்கிவிட்டு, “நீயே தேர்ந்தெடு அம்மா” என்றான். ஒரு பக்கம் சாகாத தெய்வம். ஒரு பக்கம் சாகப்போகிற மனிதன். மார்பெஸ்ஸா யோசித்தாள். ‘எனக்கு வயசாகும். இவனுக்கு ஆகாது. நான் கிழவியானால் இவன் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவான்.’ மனிதனைத் தேர்ந்தெடுத்தாள்! (கைதட்டல்) அப்பொல்லோடோரஸ் பெயரிலே வழங்கும் பழைய கிரேக்கப் புராணத் தொகுப்பிலே இந்தக் கதை இருக்கிறது. என்ன தெளிவு பாருங்க! ‘என்றும் இளமையாக இருக்கிறவன் எனக்குத் துணையாவானா?’ என்பதுதான் அவள் கேள்வி. அப்போலோவிடம் அதற்குப் பதில் இல்லை.

நடுவர் அவர்களே, அந்தக் கேள்விக்குத்தான் இந்த நாவல்கள் பதில் சொல்கின்றன. இதுதான் என் வாதத்தின் அடிப்படை.

2002-இலே வந்த ‘நைட் பிளஷர்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் கிரியன், பழங்காலப் படைத்தலைவன். கட்டின மனைவியே எதிரிகளுக்குக் காட்டிக்கொடுத்துச் செத்தவன். கதாநாயகி அமாண்டா; கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிற சாதாரணப் பெண். வில்லன் இரண்டு பேரையும் ஒரே கைவிலங்கிலே பூட்டிவிடுகிறான். கல்யாணம் ஆன நமக்கு அது ஒன்றும் புதுசில்லை! (சிரிப்பு)

இவனுக்கு ஆத்மா எப்படித் திரும்பக் கிடைக்கும்? அதுக்கு ஒரு விதி இருக்கிறது. ஆத்மா ஒரு கல்லுக்குள்ளே இருக்கும். அவனை நேசிக்கிறவள் அந்தக் கல்லைக் கையிலே பிடித்து, ஆர்ட்டெமிஸின் முத்திரை இருக்கிற இடத்திலே, அவன் உயிர் பிரிகிற நேரத்திலே, அழுத்திப் பிடிக்க வேண்டும். கல் நெருப்பாகக் கொதிக்கும். கை வெந்து போகும். விட்டாளோ, அவன் உருவமில்லாமல் பசியோடும் தாகத்தோடும் அலைய வேண்டியதுதான். அமாண்டா கல்லை விடவில்லை. கிரியன் எழுந்திருக்கிறான். எப்படி? சாகிற மனிதனாக! வெயிலிலே நடக்கலாம். நரை வரும். மூட்டு வலிக்கும். ‘நீ கிழவியானா நானும் கிழவனாவேன்.’ அப்போலோ சொல்லாத பதிலை கிரியன் சொல்லிவிட்டான்! (கைதட்டல்)

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்திலே அதியமான் ஞாபகம் வராமல் போகுமா? நெடுநாள் வாழவைக்கிற நெல்லிக்கனி கையிலே இருக்கிறது. தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தானே! ஆயுளைக் காட்டிலும் பெரியது ஒன்று இருக்கிறது என்று கண்டவன், எந்த நாட்டிலே பிறந்தால் என்ன?

எதிரணியினர் எழுந்து, “எல்லாக் கதையிலும் அவன் மனிதனாகிறானா?” என்று கேட்கலாம். இல்லை. சில கதைகளிலே அவள் சாவில்லாதவள் ஆகிவிடுகிறாள். எப்படி ஆனாலும், முடிவிலே இரண்டு பேரும் ஒரே தட்டிலே நிற்கிறார்கள். அவன் மேலே, அவள் கீழே என்று கதை முடிகிறதில்லை.

அடுத்தது. எதிரணியிலே ஒரு நண்பர், “இந்த நாயகர்கள் ஏன் சார் எப்பவும் அழுதுகிட்டே இருக்காங்க? சாவே இல்லையே, சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?” என்றார். நண்பரே, டித்தோனஸ் கதை தெரியுமா? விடியலின் தேவி ஈயோஸ் ஒரு மனிதனைக் காதலித்தாள். “இவன் சாகக்கூடாது” என்று ஜீயஸிடம் வரம் வாங்கினாள். இளமையைக் கேட்க மறந்துவிட்டாள்! அவன் கிழவனாகிக்கொண்டே போனான். கை கால் அசையவில்லை. கடைசியிலே அறைக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். குரல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. சாவில்லாமை வரம் இல்லை, அதுவே ஒரு நோயாகலாம் என்று கிரேக்கர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நோயாளி அழாமல் என்ன செய்வான்?

இப்போது பழியைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்துத் துன்பத்துக்கெல்லாம் யார் காரணம்? சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன்னாலே ஹீசியட் என்ற கிரேக்கப் புலவர் எழுதிவைத்தார், பண்டோரா என்ற பெண்தான் என்று. மூடியைத் திறந்தாளாம், துன்பமெல்லாம் வெளியே வந்ததாம். பின்னாளிலே பெட்டி என்றால் பண்டோரா, பண்டோரா என்றால் பழி. ஜீனா ஷோவால்டர் என்ற இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் 2008-இலே ‘தி டார்க்கஸ்ட் நைட்’ என்ற நாவலை எழுதினார். அதிலே பெட்டியைத் திறந்தது யார்? ஆம்பளைங்க! “காவல் காக்கிற பெருமையை நமக்குக் கொடுக்காமல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துட்டாங்களே” என்று பொறாமைப்பட்ட வீரர்கள் திறந்துவிட்டார்கள். வெளியே வந்த தீய சக்திகளை அந்த வீரர்களின் உடம்புக்குள்ளேயே தேவர்கள் அடைத்துவிட்டார்கள். அவர்களிலே ஒருவனான மேடக்ஸ், பண்டோராவைக் கொன்றவன். அதற்குத் தண்டனையாகத் தினமும் ராத்திரி வாள்குத்துப் பட்டுச் சாகிறான். விடிந்தால் உயிர் வருகிறது. மறுபடி ராத்திரி, மறுபடி சாவு. பெண்மேலே போட்ட பழியை எடுத்து, பொறாமைப்பட்டவன் தலையிலே வைத்த கதை, நடுவர் அவர்களே, பெண்ணை மயக்குகிற கதையா? மதிக்கிற கதையா? (நீண்ட கைதட்டல்)

எதிரணியிலே பேசிய தங்கை ஒரு கேள்வி கேட்டார். அது சிரிப்புக்குரிய கேள்வி இல்லை. “இதைப் படிக்கிற பெண், முரடனைக் கட்டிக்கிட்டு அன்பாலே திருத்திடலாம்னு நம்பி ஏமாந்து போகமாட்டாளா?” என்று கேட்டார். தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டீங்க. அதே மேடக்ஸ் கதாநாயகியை முதலிலே கோட்டைக்குள்ளே அடைத்துவைக்கிறான். அந்தப் பக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது தப்பு. அமரனாக இருந்தாலும் தப்புதான்.

ஆனால் ‘டான்ஸ் வித் தி டெவில்’ என்று 2003-இலே கென்யன் எழுதிய நாவலைப் பாருங்கள். கதாநாயகன் ஜாரெக். ரோமானியர் வீட்டு அடிமையாக அடிபட்டே வளர்ந்தவன். பிறகு அலாஸ்காவின் பனியிலே நூற்றாண்டுக் கணக்காகத் தள்ளிவைக்கப்பட்டவன். யாரைப் பார்த்தாலும் சீறுகிறவன். அவனிடம் அஸ்ட்ரிட் வருகிறாள். எதற்கு? கழுத்தை நீட்டவா? இல்லை, தீர்ப்புச் சொல்ல! இவன் வாழத் தகுந்தவனா என்று விசாரிக்க, கண்பார்வையை விட்டுவிட்டு வந்த நீதிபதி அவள். அவன் வாயை விட்டுவிட்டு, கை என்ன செய்கிறது என்று கவனிக்கிறாள். வார்த்தை முரடு, கை யாருக்குத் தீங்கு செய்தது, யாருக்கு உதவியது? விசாரணை முடிந்த பிறகுதான் காதல். நம்ம பெண்களுக்கு நான் சொல்வதும் அதுதான். முதலிலே நீதிபதியாக இரு, அப்புறம் காதலி!

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கதையிலே இருக்கிறவனுக்குச் சாபம் உண்டு, சாபத்துக்கு விமோசனம் உண்டு. வீட்டிலே குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனுக்குச் சாபமெல்லாம் கிடையாது. அவனுக்காக எந்தப் பெண்ணும் நெருப்புக்கல்லைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். அவனுக்கு வேண்டியது காவல் நிலையம்! (பலத்த கைதட்டல்) இந்த வித்தியாசம் படிக்கிற பெண்ணுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களே, அதுதான் அவளை மதிக்காத பேச்சு.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல் படிக்கிற பெண்களிடமே போய்ப் பேசி, 1984-இலே ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள்? நாள் பூராவும் புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு என்று ஓடுகிறோம். புத்தகத்தைத் திறக்கிற அந்த நேரம் எங்களுக்கே எங்களுக்கு என்றார்கள். இந்த வாசிப்பு வீட்டு நிலைமையை மாற்றாமல் ஆறுதலோடு நின்றுவிடலாம் என்றும் அந்த அம்மையார் யோசிக்கிறார். நியாயம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவளுக்கு, ஆறுதல் சொல்ல ஒரு புத்தகம் இருந்தால் நமக்கு ஏனய்யா வயிற்றெரிச்சல்? ஆண்கள் துப்பறியும் நாவல் படித்தால் பொழுதுபோக்கு. பெண்கள் காதல் நாவல் படித்தால் மயக்கமா?

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன் ஐயா. பழைய கதையிலே மார்பெஸ்ஸா ஒருத்திக்குத்தான் தேர்ந்தெடுக்கிற உரிமை கிடைத்தது. இந்த நாவல்களிலே கணக்கு எழுதுகிறவளுக்கும் அது கிடைத்திருக்கிறது. சாவில்லாதவன், தேவர்கள் எல்லாரும் காத்திருக்க, கல் அவள் கையிலே இருக்கிறது. பிடிப்பதா விடுவதா என்று அவள் முடிவு செய்கிறாள். முடிவை அவள் கையிலே கொடுத்த கதை பெண்ணை மதிக்கிற கதைதான் என்று சொல்லி, தாங்களும் அவ்வாறே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு, அமர்கிறேன்.