சதுரங்கமும் செய்தித்தாளும்



போனக்காடு என்றால் செய்தித்தாள்களுக்குப் பேய் பங்களாவே நினைவுக்கு வருகிறது. லயங்களில் வாழும் நம்மவர் அல்லர். செய்தியின் ஆற்றலோ பெரிது. திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சாலில் உண்ணிகிருஷ்ணன் என்பார் தம் தேநீர்க் கடையில் சதுரங்கம் கற்பித்தார். குடியில் மூழ்கியிருந்த ஊர் காய் நகர்த்தத் தொடங்கிற்று. ஏடுகள் எழுதின, வெளிநாட்டாரும் அங்கு வந்தனர். 2020 அக்டோபரில் வெளியான 'தி குயின்ஸ் கேம்பிட்' தொடர், பெருந்தொற்றால் வீடடைந்திருந்தோரை இணையச் சதுரங்கத்துக்குத் திரளாக ஈர்த்தது. 2024 டிசம்பர் 12 அன்று சென்னைச் சிறுவர் குகேஷ், 18 வயதில், சிங்கப்பூரில் உலக வாகை சூடினார்.

செய்தி ஆளைக் கூட்டும். கற்பிப்பவர் இல்லையேல் கூட்டம் கலைந்துவிடும். இணையத்தில் எதிராளிக்குப் பஞ்சமில்லை. ஆகவே அடுத்த விழாவில் நம் சிறுவர்க்குப் போட்டி நடத்துவோம், நிருபர்களையும் அழைப்போம். பங்களாவைக் காண வருவோர் லயத்துக்கும் வரட்டும்.