வேலைமுறை அட்டை யாருக்குச் சாட்சி?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தானே-பேலாப்பூர் வட்டாரத்திலும், புனேயை அடுத்த சாக்கனிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் தினமும் பார்க்கிற ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மிஷினுக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது. எதை முதலில் எடுப்பது, எங்கே வைப்பது, எந்தப் பட்டனை அழுத்துவது, ஒரு உருப்படிக்கு எத்தனை விநாடி - எல்லாம் அதில் உண்டு. நிர்வாகம் இதை 'ஸ்டாண்டர்ட் ஒர்க்' என்கிறது. நாம் வேலைமுறை அட்டை என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த அட்டையே சுரண்டல் கருவி, கிழித்தெறிய வேண்டும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார் வேலையிலிருந்து மேலே வந்தவர். செங்கல் அடுக்கும் வேலையைக் கவனித்தார். ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தரை வரைக்கும் குனிந்து நிமிர்கிறார். கல்லையும் சாந்தையும் இடுப்பு உயரத்தில் வைக்கும்படி சாரத்தை மாற்றி அமைத்தார். பதினெட்டு அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. முதுகும் பிழைத்தது, சுவரும் சீக்கிரம் எழுந்தது. வேலையை ஒழுங்குபடுத்தி எழுதி வைப்பதில் இப்படி ஒரு நன்மை உண்டு. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கே வருகிறது வம்பு? விநாடி குறிக்கிற இடத்தில் வருகிறது.

ஃபிரடெரிக் டெய்லர் என்பவர் 1911இல் வெளியிட்ட புத்தகத்தில் தானே ஒரு கணக்கைச் சொல்கிறார். இரும்புப் பாளம் சுமக்கும் தொழிலாளி நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். அதை நாற்பத்தேழரை டன் ஆக்கினாராம். கூலி? 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலியோ இரண்டு மடங்குகூட இல்லை! அதே 1911இல் வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் ஸ்டாப் வாட்சை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். விளைவாக அரசாங்கத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் குறிப்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் தடை போட்டது. 1949 வரை அது நீடித்தது.

விநாடியை எப்படிக் குறிக்க வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களும் புரிந்துகொள்ள வேண்டும். தையல் லைனில் உட்காருகிறவர்கள் அவர்கள்தானே. கெட்டிக்கார ஆள் ஒருவரை நிறுத்தி வாட்ச் பிடிக்கிறார்கள். ஒரு உருப்படிக்கு 40 விநாடி. அவர் சாதாரண வேகத்தைவிடக் கால் பங்கு கூடுதல் வேகம். ஆகவே சாதாரண ஆளுக்கு 50 விநாடி. அதோடு களைப்புக்கும், தண்ணீர் குடிக்க, கழிப்பறை போகவும் கழிவு சேர்க்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு நூல் இதற்கு மிகக் குறைந்த அளவாக ஆணுக்கு 9 சதவீதம், பெண்ணுக்கு 11 சதவீதம் காட்டுகிறது. நின்று செய்தால், சுமை தூக்கினால், சூடும் சத்தமும் இருந்தால் இன்னும் கூடும். 12 சதவீதம் என்றே வைப்போம். 56 விநாடி ஆகிறது.

சாப்பாட்டு நேரம் போக ஏழரை மணி வேலை. 56 விநாடிக் கணக்கில் 482 உருப்படி. 40 விநாடிக் கணக்கில் 675! நடுவில் உள்ள 193 உருப்படி எங்கிருந்து வருகிறது? தண்ணீர் குடிக்காத தாகத்திலிருந்தும், அடக்கி வைத்த மூத்திரத்திலிருந்தும், சில சமயம் விரலிலிருந்தும் வருகிறது.

விரல் என்று சும்மா சொல்லவில்லை. பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் வைப்பது எதற்கு? இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை போகாது. அட்டையில் 'இரண்டு கையாலும் அழுத்தவும்' என்று எழுதியிருக்கும். ஆனால் கேட்கிற எண்ணிக்கை அப்படிச் செய்தால் வராது. ஒரு பட்டனைக் கட்டிவைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதவர்போல் போவார். விரல் போன அன்றைக்கு மட்டும் அட்டையைக் காட்டுவார்: 'முறைப்படி செய்யவில்லை, உன் தப்பு!' அட்டை அன்று நமக்கு எதிர்ச்சாட்சி.

ரயில்வேக்காரனான எனக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் வேலை விதிப் புத்தகம் உண்டு. அதைப் படித்தேன், புரிந்துகொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் புதிய ஆள் தனியாகப் பொறுப்பேற்கலாம். 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்ட முறையும் உண்டு. வேலையை நிறுத்துவதில்லை, புத்தகத்தில் உள்ளதை அணுவளவும் மீறாமல் செய்வார்கள். வண்டி தாமதமாகும். அப்படியென்றால் என்ன அர்த்தம்? தினசரி ஓட்டமே தொழிலாளி தன் தலைமேல் ஆபத்தைப் போட்டுக்கொண்டு விதியை வளைப்பதால்தான் நடக்கிறது என்று அர்த்தம்.

நம் பம்பாய்க்கும் இதில் சரித்திரம் உண்டு. 1928 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓர் ஆளுக்குக் கூடுதல் தறி, கூடுதல் கதிர் என்று பளுவை ஏற்றியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிற்பாடு 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், ஆட்குறைப்பில் முடியக்கூடிய வேலைமுறை மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று விதி வந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது நான்கு.

ஒன்று, அட்டையைப் படியுங்கள். ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருந்தால் பார்த்துப் பார்த்துக் குறித்து வாருங்கள். பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

இரண்டு, நேரம் யாரை வைத்துக் குறிக்கப்பட்டது, களைப்புக் கழிவு எத்தனை என்று யூனியன் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்று, அட்டையில் உள்ள முறையும் கேட்கிற எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எண்ணிக்கைதான் குறைய வேண்டும். தனி ஆளாக நின்று மறுக்காதீர்கள். லைன் முழுவதும் சேர்ந்து சொல்லுங்கள். காண்டிராக்ட் தொழிலாளிக்கு அட்டையே கிடையாது, வாய் உத்தரவுதான். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, அட்டை எழுதும்போது நம்மைக் கூப்பிடச் சொல்லுங்கள். தொழிற்கூடத்தில் நிற்பவர்களே அதை எழுத வேண்டும் என்று டொயோட்டா கம்பெனியின் தாயிச்சி ஓனோ 1978இல் எழுதினார். அவர் தொழிலாளர் தலைவர் அல்ல, நிர்வாகி! அந்த ஜப்பானிய முறையைத்தான் நம் முதலாளிகள் பெருமையாகக் காட்டுகிறார்கள். அதன் இந்தப் பகுதியை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

எழுதியது நம்மிடம் இருந்தால் நமக்குச் சாட்சி. அவர்களிடம் மட்டும் இருந்தால் நமக்கு எதிர்ச்சாட்சி. இதை வீட்டுக்குப் போய் எல்லோரும் பேசுங்கள்.