பீரோவிலே ஒரு காகிதம்

கணவன் மனைவிக்குள்ளே பால் கணக்கு, பையன் படிப்புன்னு எல்லாம் பேசுறோம். "எனக்கு நினைவு திரும்பாமப் போச்சுன்னா என்ன செய்யணும்?"னு மட்டும் பேசுறதில்லை. பேசினா, "விடிஞ்சதும் விடியாததுமா என்ன பேச்சு இது!"ன்னு வாயை அடைச்சிடுவாங்க.

அமெரிக்காவிலே, ஃபுளோரிடாவிலே டெரி ஷைவோன்னு ஒரு பெண். 1990-ல், 26 வயசிலே இதயம் நின்னு விழுந்தாங்க. உயிர் பிழைச்சாங்க, நினைவு திரும்பலை. குழாய் வழியாத்தான் உணவு. "இப்படிக் கிடக்க விரும்பமாட்டேன்னு அவளே சொல்லியிருக்கா" என்றார் கணவர். பெற்றோர் ஒத்துக்கலை. எழுத்திலே ஒரு வரி கிடையாது.

அந்த மாநிலச் சட்டத்திலே, நோயாளிக்காகப் பேசுற உரிமை பெற்றோருக்கு முன்னாலே கணவருக்குத்தான். ஆனா அவர் தன் ஆசையைச் சொல்லக் கூடாது. மனைவி என்ன விரும்பியிருப்பாங்கன்னுதான் சொல்லணும். வழக்கே அதிலேதான் நின்னுது. குழாயை எடுத்தாங்க, திரும்ப வச்சாங்க. மறுபடி எடுத்தாங்க, மறுபடி வச்சாங்க! விவகாரம் ஜனாதிபதி வரைக்கும் போச்சு. 2005 மார்ச்சிலே மூணாவது தடவை எடுத்தாங்க. 13 நாள்லே உயிர் பிரிஞ்சது.

நினைவு திரும்பாமப் போனா என்ன செய்யணும்னு முன்கூட்டியே எழுதி வைக்க நம்ம நாட்டிலே 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு இருந்ததை 2023-ல் தளர்த்தி, ரெண்டு சாட்சியோட நோட்டரி போதும்னு சொல்லிட்டாங்க. நமக்காகப் பேசப்போறவங்க பேரையும் அதிலே எழுதணும்.

எழுதினதைப் பீரோவிலே வச்சுப் பூட்டினா, சாவி இருக்கிற இடத்தையும் அவங்ககிட்டே சொல்லிடுங்க.