பாலம் எவர் கையில்?



நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் கணினியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். இஃது இளைஞர்க்கு மட்டும் உரிய பொருள் என்று முதியோர் எண்ணிவிடலாகாது. அறிவின் திறவுகோல் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

நாம் நாள்தோறும் காணும் செஞ்சிக் கோட்டை, 2025 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. அதன் இராசகிரி உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பாறைப் பிளவொன்று குறுக்கிடும். அதன்மேல் சிறு பாலம். அப்பாலத்தை விலக்கிவிட்டால் எப்படையும் ஏற இயலாது. பாலம் எவர் கையிலோ, கோட்டை அவர் கையில்.

கணினிக்கும் நமக்கும் இடையே அத்தகைய பாலமாக நிற்பது இயங்குதளம். விண்டோஸ் போன்ற வணிக இயங்குதளத்தைப் பணம் கொடுத்துப் பெற்றாலும், பயன்படுத்தும் உரிமை மட்டுமே நமக்குக் கிட்டும். அதன் மூல நிரலைத் திருத்தவோ, படியெடுத்துத் தோழர்க்கு வழங்கவோ உரிமையில்லை. விண்டோஸ் 10 பதிப்பின் வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பைப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்போர் புதுக் கணினிக்கு எங்கே செல்வர்?

இதற்கு மாற்று உண்டு. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21 ஆம் வயதில், லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து உருவானதே கட்டற்ற இயங்குதளம். எவரும் பயன்படுத்தலாம், கற்கலாம், திருத்தலாம், பகிரலாம். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இலவசம், விடுதலை என இருபொருள் தரும். தமிழில் 'கட்டற்ற' என்னும் சொல்லோ விடுதலையை மட்டுமே குறிக்கும். 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், எளியோர்க்கு எட்டும் விலையையே இதழின் பெயராக்கினார். அறிவு எல்லார்க்கும் எட்டவேண்டும் என்னும் வேட்கை நமக்குப் புதிதன்று.

தமிழ்நாட்டிலும் இம்முயற்சி நடந்துள்ளது. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறிற்று. 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. நாம் செய்ததென்ன? நம்முள் பலர் அதைத் திறந்தும் பாராமல் அழித்தோம். உரிமமற்ற படிகளைப் பதிந்துகொண்டோம். கையில் கிடைத்த திறவுகோலை எறிந்துவிட்டுக் கள்ளச்சாவி தேடினோம். உழைத்துண்ணும் நமக்கு அஃது அழகன்று.

இனிச் செய்யத்தக்கது யாது? இருப்பதை உடனே அழிக்கவேண்டா. பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். பிடித்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்குமுன் கோப்புகளைத் தவறாது படியெடுத்து வையுங்கள். கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் உள்ளது. தமிழ் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை உள்ளது.

இடர்ப்பாடுகளையும் மறைக்கமாட்டோம். சில அச்சுப்பொறிகள் எளிதில் இணங்கா. விண்டோஸுக்கென்றே அமைந்த சில மென்பொருள்கள் இயங்கா. அலுவல் நிமித்தம் அவை தேவைப்படுவோர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் கற்றது வீண்போகாது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியின் கருவும் அதுவே.

நம் மாவட்டத் தலைநகராம் விழுப்புரத்தில், குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்க்கு இதனைக் கற்பித்து வருகின்றனர். நம் இளைஞர் இருவர் முதலில் கற்று, சங்கப் படிப்பகத்தின் பழைய கணினி ஒன்றை உயிர்ப்பிக்கட்டும். அவ்விருவர் பதின்மர்க்குக் கற்பிக்கட்டும். கற்றதைக் கற்பித்தலே அண்ணல் அம்பேத்கர் நமக்கு இட்ட கடமை. கல்விச்சாலையின் வாயிலில் நிறுத்தப்பட்ட முன்னோரின் வழிவந்த நாம், திறந்து கிடக்கும் வாயிலைக் கண்டும் நுழையாதிருத்தல் தகுமோ?

பாலம் நம் கையில் இருக்கட்டும் என்று கூறி அமைகின்றோம்.