ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் 8-ஆம் தேதி மாலையிலிருந்து 10-ஆம் தேதி மதியம் வரை நம் சங்க ஆபீஸ் ஏன் முடங்கிக் கிடந்தது என்று பலரும் கேட்டீர்கள். மெயின்டனன்ஸ் கட்டக் கடைசி நாள் 10. ரசீது அச்சிட முடியவில்லை. கேட்டில் உள்ள டேப்லெட் வேலை செய்யாததால் கூரியர்காரர்களும் வீட்டு வேலைக்கு வருபவர்களும் வெயிலில் வரிசையில் நின்றார்கள். கேமராவை மொபைலில் பார்க்க முடியவில்லை. "ஆபீஸ் பையன் எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டான்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதை முதலில் திருத்திவிடுகிறேன். தவறு அந்தத் தம்பியுடையது அல்ல, என்னுடையது.

அன்று மாலை இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று அவர் எனக்குப் போன் செய்தார். நான் காய்கறிக் கடையில் நின்றிருந்தேன். "ரூட்டரை ஒரு தடவை ரீசெட் பண்ணிடுப்பா" என்றேன். "சரிங்க சார்" என்றார். நான் நினைத்தது ஸ்விட்சை அணைத்துப் போடுவதை. அவரோ ரூட்டரின் பின்பக்கம் 'ரீசெட்' என்று எழுதியிருந்த சின்ன ஓட்டையைத் தேடிப் பிடித்து, குண்டூசியால் பத்து விநாடி அழுத்திவிட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

இந்த வித்தியாசத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் என்றால் அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடுவது. எதுவும் அழியாது. ரீசெட் என்றால் உள்ளே நாம் எழுதி வைத்த அத்தனையும் அழிந்து, ரூட்டர் கடையிலிருந்து வாங்கி வந்த நாளின் நிலைக்குப் போய்விடும்.

நமக்கு அழிந்தவை மூன்று. முதலாவது, இன்டர்நெட் கம்பெனி கொடுத்த யூசர் பெயரும் பாஸ்வேர்டும். அவை இல்லாமல் நம் ரூட்டரால் அவர்களுடைய லைனில் நுழைய முடியாது. இரண்டாவது, வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும். மூன்றாவது, முகவரிகள். இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ரூட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு எண் கொடுக்கிறது. நம் பிரிண்டருக்கும் கேமரா ரெக்கார்டருக்கும் மட்டும் மாறாத எண்களை அவற்றிலேயே பதிந்து வைத்திருந்தோம். அவை 192.168.1 என்று தொடங்குபவை. ரீசெட்டுக்குப் பிறகு ரூட்டர் 192.168.0 வரிசைக்குப் போய்விட்டது. பி பிளாக்கில் இருப்பவருக்கு ஏ பிளாக்கில் தபால் தேடியது போல் ஆகிவிட்டது.

சரிசெய்த வரிசையையும் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் உதவும். முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்கைப் பார்த்தோம். அதில் சிவப்பு மின்னினால் வெளியே லைனில் கோளாறு. நமக்குப் பச்சைதான் எரிந்தது. அப்படியானால் கோளாறு நம்மிடம். ஒரு லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரூட்டரில் இணைத்து, அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள முகவரியைத் திறந்தோம். ரீசெட் ஆன ரூட்டருக்குக் கம்பெனி போட்ட பாஸ்வேர்டுதான் இருக்கும். யாரும் ஊகித்துவிடலாம். அதனால் அதை உடனே மாற்றினோம்.

அடுத்து யூசர் பெயரும் பாஸ்வேர்டும். அவற்றை எங்கும் எழுதி வைக்கவில்லை. உதவி மையத்துக்குப் போன் செய்தால் ஓ.டி.பி. கேட்டார்கள். அது முன்னாள் செயலாளரின் மொபைலுக்குப் போனது. அவர் குடிபெயர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரைப் பிடித்து எண்ணைப் பெறுவதற்கே ஒரு நாள் போயிற்று. தாமதத்துக்குப் பெரிய காரணம் இதுதான்.

இணைப்பு வந்ததும், பிரிண்டரின் மெனுவிலிருந்தே அதன் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டுப் பழைய எண்ணைக் கண்டுபிடித்தோம். ரூட்டரை அதே வரிசைக்கு மாற்றினோம். பிரிண்டரையும் ரெக்கார்டரையும் தொடாமலே இரண்டும் திரும்பிவிட்டன. வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் போட்டோம். கேட் டேப்லெட் தானாகவே இணைந்துகொண்டது. புதுப் பெயர் வைத்திருந்தால் ஒவ்வொரு கருவியாகப் போய்ச் சேர்த்திருக்க வேண்டும். அந்தப் பழைய பாஸ்வேர்டை ஆபீஸ் லேப்டாப்பின் சேமிப்பிலிருந்து தேடி எடுத்தவர் யார் தெரியுமா? அதே தம்பிதான்.

கேமரா பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராக்கள் தனிக் கேபிளில் ரெக்கார்டரோடு இணைந்திருப்பதால் பதிவு ஒரு நிமிடமும் நிற்கவில்லை. மொபைலில் பார்ப்பதுதான் நின்றது.

இனி நம் ஏற்பாடு. வங்கியில் பணப் பெட்டகத்தை ஒருவர் மட்டும் திறக்க முடியாது. இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருக்கும். மாற்றுச் சாவி வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். அதே முறைதான் இங்கும். யூசர் பெயர், பாஸ்வேர்டுகள், கருவிகளின் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, செயலாளரும் பொருளாளரும் ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறோம். ரூட்டரின் அமைப்புகளை ஒரு பென் டிரைவிலும் சேமித்து அதோடு வைத்தாயிற்று. இன்டர்நெட் கணக்கில் சங்கத்தின் சொந்த மொபைல் எண்ணைப் பதிந்துவிட்டோம். பதவி மாறும்போது சாவிக்கொத்தோடு இந்த உறையும் கைமாற வேண்டும். ரீசெட் ஓட்டையின் மேல் 'செயலாளரைக் கேட்காமல் அழுத்தக் கூடாது' என்று ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்துவையுங்கள். நம் குடியிருப்பில் பல வீடுகளில் பெரியவர்கள் தனியாக இருக்கிறோம். வெளியூரிலிருந்து பிள்ளைகள் போனில் "ரீசெட் பண்ணுங்கப்பா" என்பார்கள். "ஸ்விட்சை அணைக்கவா, ஓட்டையில் குத்தவா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 8-ஆம் தேதி இரவே நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் முழுவதும் குரூப்பில் அவரைத் திட்டியதைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். "சார்தான் சொன்னார்" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ரூட்டரை இரண்டு நாளில் சரிசெய்துவிட்டோம். அவருக்கு ஏற்பட்ட மனக்கஷ்டத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. உங்கள் எல்லோர் முன்பும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குரூப்பில் எழுதியவர்களும் அவரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள்.